பச்சைப் பட்டனில் குச்சி செருகலாமா?

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடும் ஆறு இல்லை. வெள்ளாறும் அக்னியாறும் அம்புலியாறும் மழை பெய்தால் ஓடுகிறவை. கல்லணைக் கால்வாயின் கடைமடைத் தண்ணீர் அறந்தாங்கி, மணமேல்குடி பக்கம் ஒரு பகுதிக்கு எட்டுகிறது. மற்ற இடங்களில் கண்மாய் நிறைந்தால் நெல். இல்லாவிட்டால் கிணறும் ஆழ்குழாய்க் கிணறும்தான் கதி. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்து வாழையும் மல்லிகையும் தென்னையும் பல நூறு அடி ஆழத்திலிருந்து மோட்டார் ஏற்றித் தரும் தண்ணீரில் பிழைப்பவை.

அந்த மோட்டாரை ஓட்டுவதும் நிறுத்துவதும் கொட்டகைச் சுவரில் உள்ள ஸ்டார்ட்டர் பெட்டியின் இரண்டு பட்டன்கள். பச்சையை அமுக்கினால் ஓடும், சிவப்பை அமுக்கினால் நிற்கும். இதற்கு மேல் அதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் சில கொட்டகைகளில் பச்சைப் பட்டனுக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் இடையே ஒரு வேப்பங்குச்சியோ மடித்த அட்டையோ செருகியிருப்பதைக் காணலாம். வேறு சில இடங்களில் பட்டன் மேல் ஒரு கட்டையை வைத்து, பெட்டியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். கரண்டு வந்ததும் மோட்டார் தானாக ஓட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது.

இதற்காக விவசாயியைக் கடிந்துகொள்வது எளிது. மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும் ஊரில், நடுநிசிக்கு வரும் கரண்டுக்காக டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து, பாம்புக்குத் தப்பிப் போய் ஒரு பட்டனை அமுக்கி வருவதன் சிரமம் பயிர் வைத்தவருக்குத்தான் தெரியும். தேவை நியாயமானது. அதற்குக் குச்சி சரியான வழிதானா என்பதே கேள்வி. பட்டனின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

பட்டன் ஏன் திரும்பி வருகிறது?

வீட்டில் விளக்குக்கு உள்ள சுவர் ஸ்விட்சைப் போட்டால் போட்டபடியே நிற்கும். கரண்டு போய் மறுபடி வந்தாலும் விளக்கு தானாக எரியும். ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டன் அந்த வகை அல்ல. அது வாசலில் உள்ள காலிங் பெல் பட்டனின் வகை. விரல் இருக்கும் வரை இணைப்பு உண்டு. விரலை எடுத்ததும் இணைப்பு விட்டுப்போகும்.

பட்டனின் தலைக்குப் பின்னால் ஒரு சிறு தண்டு இருக்கிறது. தண்டைச் சுற்றி ஒரு சுருள் ஸ்பிரிங். தண்டின் அடியில் குறுக்காக ஒரு சிறிய செம்புப் பட்டை. அதன் இரு நுனிகளிலும் வெள்ளிக் கலவையால் ஆன பொட்டு. எதிரே, பேக்கலைட் கட்டையில் அசையாமல் பொருத்திய இரண்டு பொட்டுகள். ஒயர் வந்து சேர்வது இந்த அசையாத பொட்டுகளில்தான். இவற்றைத்தான் ஒயர்மேன்கள் காண்டாக்ட் என்கிறார்கள். தலையை அமுக்கினால் குறுக்குப் பட்டை கீழே இறங்கி இரண்டு பொட்டுகளையும் ஒரு பாலம் போல இணைக்கிறது. விட்டதும் சுருள் ஸ்பிரிங் தண்டை மேலே தள்ளிவிடுகிறது. இணைப்பு ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் பிரிகிறது. ஒரு கதவுக்குப் பதில் இரண்டு கதவு திறப்பதைப் போன்றது இது. தீப்பொறி சீக்கிரம் அணைந்துவிடும்.

நல்ல பட்டனில் இன்னொரு சிறிய ஸ்பிரிங்கும் உண்டு. அது குறுக்குப் பட்டையின் முதுகில் உட்கார்ந்திருக்கும். பொட்டும் பொட்டும் தொட்ட பிறகும் விரல் இன்னும் கொஞ்சம் அழுத்துமல்லவா? அந்த உபரி அழுத்தத்தை இந்தச் சிறு ஸ்பிரிங் வாங்கிக்கொண்டு, பொட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று இறுக்கிப் பிடிக்கிறது. அப்போது அவை இலேசாக உரசுவதால் மேலே படிந்த தூசும் விலகுகிறது. விலை மலிவான பட்டன்களில் கைவைக்கும் முதல் இடம் பெரும்பாலும் இந்த ஸ்பிரிங்தான். அமுக்கும்போது பஞ்சை அமுக்குவது போல் தொளதொளவென்று இருந்தால் அதை வாங்காமல் விடுவது நல்லது.

விரலை எடுத்ததும் இணைப்பு விட்டுப்போகிறது என்றால் மோட்டார் மட்டும் எப்படித் தொடர்ந்து ஓடுகிறது?

ஞாபகம் வைத்திருப்பது காயில்

மோட்டாருக்குப் போகும் கரண்டு பட்டன் வழியாகப் போவதே இல்லை. 5 குதிரைசக்தி மும்முனை மோட்டார் ஓடும்போது ஒவ்வொரு பேஸிலும் ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். நேரடியாக ஸ்டார்ட் செய்தால் கிளம்பும் நொடியில் அதைப்போல் ஆறேழு மடங்கு. அதைத் தாங்குவது பெட்டிக்குள் உள்ள பெரிய காண்டாக்ட்டுகள், மூன்று பேஸுக்கு மூன்று. அவற்றை மூடுவது ஒரு மின்காந்தம். செம்புக் கம்பி சுற்றிய காயிலில் கரண்டு பாய்ந்தால் அது எதிரே உள்ள இரும்பை ‘டப்’ என்று இழுக்கிறது. இரும்போடு சேர்ந்து காண்டாக்ட்டுகள் மூடுகின்றன. காயிலில் கரண்டு நின்றால் ஸ்பிரிங் அவற்றைப் பிரித்துவிடுகிறது. பச்சைப் பட்டனின் வேலை இந்தக் காயிலுக்குக் கரண்டு கொடுப்பது மட்டும்தான். அதற்கு ஒரு ஆம்பியர்கூடத் தேவையில்லை. அதனால்தான் அத்தனை சின்னப் பட்டன் போதுமானதாக இருக்கிறது.

இரும்பு இழுபடும்போது, பெரிய மூன்றோடு கூட நாலாவதாக ஒரு சிறு காண்டாக்ட்டும் மூடிக்கொள்கிறது. அது பச்சைப் பட்டனுக்குப் பக்கத்து வழி. பட்டன் மூடியிருந்த பாதையை விரல் எடுப்பதற்குள் இது வாங்கிக்கொள்கிறது. இனிக் காயில் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். பிடிமானக் காண்டாக்ட் என்று இதைச் சொல்லலாம்.

கரண்டு போனால் காயில் விட்டுவிடும். பிடிமானக் காண்டாக்ட்டும் பிரிந்துவிடும். கரண்டு திரும்பி வரும்போது காயிலுக்குப் போக வழியே இல்லை. ஒரு மனிதர் வந்து பச்சையை அமுக்கினால்தான் மோட்டார் ஓடும். பழைய எண்ணெய் ஸ்டார்ட்டர்களில் பட்டனுக்குப் பதில் ஒரு கைப்பிடி இருக்கும்; அதையும் ஓடும் நிலையில் பிடித்து வைத்திருந்தது ஒரு காயில்தான், கரண்டு போனால் கைப்பிடி விழுந்துவிடும். ஆக, கரண்டு வந்தும் மோட்டார் ஓடாமல் இருப்பது ஸ்டார்ட்டரின் குறை அல்ல. அதற்காகத்தான் ஸ்டார்ட்டரே செய்யப்பட்டிருக்கிறது.

சிவப்பு வேறு ஜாதி

இரண்டு பட்டன்களும் வெளியே ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே நேர் எதிர். பச்சை எப்போதும் திறந்திருக்கும், அமுக்கினால் மூடும். சிவப்பு எப்போதும் மூடியிருக்கும், அமுக்கினால் திறக்கும். காயிலுக்குப் போகும் கரண்டு முழுவதும் சிவப்பைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நிறுத்தும் பட்டனையும் அமுக்கினால் மூடுகிற மாதிரி செய்திருக்கலாமே என்று கேட்கலாம். அப்படிச் செய்தால், அதற்குப் போகும் ஒயரை எலி கடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆபத்து வந்து ஓடிப்போய் அமுக்கும் நேரத்தில்தான் அது வேலை செய்யவில்லை என்பது தெரியும். இப்போதுள்ள அமைப்பில் ஒயர் அறுந்தால் அந்த நொடியே மோட்டார் நின்றுவிடும். பழுது வந்தால் நிற்கிற பக்கமாகவே வர வேண்டும் என்று முன்யோசனையுடன் செய்யப்பட்ட வேலை இது.

இன்னொரு நுட்பமும் உண்டு. பச்சையைத் திறப்பது ஸ்பிரிங். சிவப்பைத் திறப்பது விரல். நல்ல சிவப்புப் பட்டனில் விரலின் பலம் தண்டு வழியாக நேரே குறுக்குப் பட்டையைத் தள்ளிப் பிரிக்கும். பொட்டுகள் இலேசாக ஒட்டிக்கொண்டிருந்தாலும் பிய்த்துவிடும்.

கையால் தடவிப் பார்த்தால் பல பெட்டிகளில் பச்சை வளையத்துக்குள் சற்று உள்ளடங்கியும், சிவப்பு வெளியே துருத்திக்கொண்டும் இருக்கும். தோளோ மண்வெட்டிப் பிடியோ பட்டு மோட்டார் தற்செயலாகக் கிளம்பிவிடக் கூடாது. நிறுத்துவதோ இருட்டில், உள்ளங்கையால் தட்டினால்கூட நிற்க வேண்டும். சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு தெரியாத கண் உள்ள ஆண்கள் ஊருக்குச் சிலர் உண்டு. அவர்களுக்கு நிறத்தைவிட இந்த மேடு பள்ளம்தான் உதவி. சில பட்டன்களில் ஒரு கோடும் ஒரு வட்டமும் பொறித்திருப்பார்கள். கோடு ஓடுவதற்கு, வட்டம் நிறுத்துவதற்கு.

பல ஸ்டார்ட்டர்களில் சிவப்புக்கு இரண்டாவது வேலையும் உண்டு. மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்டு இழுத்தால், ஓவர்லோடு ரிலேயில் உள்ள இரட்டை உலோகத் தகடு சூடேறி வளைந்து காயிலின் பாதையை வெட்டிவிடும். தகடு ஆறிய பிறகு, சிவப்பை ஒருமுறை முழுக்க அமுக்கினால்தான் அந்தப் பாதை மறுபடி சேரும். ‘பச்சையை எத்தனை அமுக்கினாலும் அசையவில்லை’ என்று ஒயர்மேனைத் தேடிப் போகும் முன், சில நிமிடம் பொறுத்துச் சிவப்பை அமுக்கிப் பார்ப்பது செலவைக் குறைக்கும். அடிக்கடி இப்படி விழுந்தால் குறை மோட்டாரிலோ லயனிலோ இருக்கிறது. ரிலேயின் திருகை மோட்டார் தகட்டில் எழுதிய ஆம்பியருக்கு மேலே திருகி வைப்பது மருந்தல்ல.

குச்சி செருகினால்

இப்போது குச்சிக்கு வரலாம். பச்சை அமுங்கியே இருந்தால், காயிலுக்குப் போகும் வழி எந்நேரமும் திறந்திருக்கிறது என்று பொருள்.

கரண்டு இல்லாத நேரம் ஒருவர் கிணற்றில் இறங்கி புட்வால்வில் சிக்கிய குப்பையை எடுக்கிறார், அல்லது பெல்ட்டை மாட்டுகிறார். கரண்டு வருகிறது. மேலே கொட்டகையில் யாரும் இல்லை, யாரும் எதையும் அமுக்கவில்லை, மோட்டார் ஓடுகிறது. கை போவதும் உயிர் போவதும் இந்த இடத்தில்தான். குச்சி செருகியவர் ஒருவராகவும், பெல்ட்டில் கை வைத்தவர் அது தெரியாத தம்பியாகவோ கூலிக்கு வந்தவராகவோ இருக்கும்போது ஆபத்து இன்னும் அதிகம்.

சிவப்பை அமுக்கினால் நிற்குமே என்று சிலர் நினைக்கிறார்கள். நிற்கும்; விரல் சிவப்பின் மேல் இருக்கும் வரை நிற்கும். விரலை எடுத்ததும், பச்சை அமுங்கியே இருப்பதால், காயில் மறுபடி இழுத்து மோட்டார் கிளம்பிவிடும். ஓவர்லோடு ரிலே விழுந்த பிறகு அதைச் சரிசெய்யச் சிவப்பை அமுக்கி விட்டாலும் இதே கதைதான். பதறிப்போன ஒருவர் குச்சியைப் பிடுங்க வேண்டும் என்று நினைவு வருவதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிடும்.

அடுத்தது குறைந்த வோல்ட்டேஜ். 415 வோல்ட்டுக்கு உள்ள காயில், சுமார் 350 வோல்ட்டாவது இருந்தால்தான் உறுதியாக இழுக்கும். அதற்கும் வெகுவாகக் குறைந்தால் விட்டுவிடும். குச்சி இல்லாத ஸ்டார்ட்டரில், விட்டது விட்டதுதான், மோட்டார் தப்பித்தது. குச்சி இருந்தால் காயில் விடும்; மோட்டார் இழுத்த பாரம் குறைந்ததும் வோல்ட்டேஜ் கொஞ்சம் ஏறும்; காயில் மறுபடி இழுக்கும்; மோட்டார் கிளம்பும்போது வோல்ட்டேஜ் மீண்டும் விழும்; மறுபடி விடும். இந்த ‘டக டக டக’ சத்தம் கேட்காத கிராமம் இல்லை. ஒவ்வொரு தட்டுக்கும் பெரிய காண்டாக்ட்டுகளில் பொறி பறக்கிறது. கடைசியில் அவை உருகி ஒட்டிக்கொண்டால் சிவப்பும் பயன்படாது, ரிலேயும் பயன்படாது. காயில் விட்டாலும் காண்டாக்ட் விடாது.

ஆழ்குழாய்க் கிணற்றில் வேறொரு சேதம். கரண்டு போனதும், குழாயில் ஏறிய தண்ணீர் முழுவதும் கீழே இறங்கப் பார்க்கும். நான்ரிட்டர்ன் வால்வு பழுதாக இருந்தால் அது பம்பைப் பின்பக்கமாகச் சுழற்றிக்கொண்டே இறங்கும். இரண்டு நொடியில் கரண்டு திரும்பி வந்து, பின்னோக்கிச் சுழலும் மோட்டாரை முன்னோக்கி இழுத்தால் ஷாப்ட் முறியலாம். கோடையில் தண்ணீர் மட்டம் பம்புக்குக் கீழே போயிருந்தால், இரவெல்லாம் வெறும் காற்றில் ஓடும். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெறுமனே ஓடும் மோட்டார் கரண்டைக் குறைவாகத்தான் இழுக்கும். எனவே ஓவர்லோடு ரிலே அதைக் காப்பாற்றாது. பல நூறு அடிக் குழாயைக் கழற்றி மோட்டாரை மேலே எடுத்துக் காயில் கட்டி மறுபடி இறக்கும் செலவைக் கணக்கிட்டால், ஒரு வெள்ளாமையின் இலாபம் அதில் போய்விடும். 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்பு செட் மின்சாரம் இலவசமான பிறகு, இரவு முழுக்க வீணாக ஓடினாலும் பில் வந்து எச்சரிப்பதில்லை.

இது ஒரு கொட்டகையோடு நிற்கிற விஷயமும் அல்ல. 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒரு பேஸில் முழுதாகத் தரக்கூடியது சுமார் 135 ஆம்பியர். பத்து 5 குதிரைசக்தி மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தால் எழுபது எண்பது ஆம்பியர்தான். அதற்குப் பாரமே இல்லை. ஆனால் பத்திலும் குச்சி செருகியிருந்து, கரண்டு வந்த அதே நொடியில் பத்தும் கிளம்பினால் ஏறக்குறைய 500 ஆம்பியர் கேட்கும். வோல்ட்டேஜ் தரையைத் தொடும், பியூஸ் போகும். பிறகு ஊரே மின்வாரிய அலுவலகத்துக்குப் போன் போடும். ஒழுங்காகப் பட்டனை அமுக்க நடந்து வந்தவருக்கும் அன்று தண்ணீர் கிடையாது.

குச்சிக்குப் பதில்

தேவை நியாயமானது என்று மேலே சொல்லப்பட்டது. அதற்கு முறையான கருவி இருக்கிறது. ஆட்டோ ஸ்விட்ச் என்று கடைகளில் விற்கும் சிறு பெட்டி, பச்சைப் பட்டனின் இரண்டு ஒயர்களோடு பக்கவாட்டில் இணைகிறது. கரண்டு வந்ததும் அது உடனே எதையும் செய்யாது. மூன்று பேஸும் இருக்கிறதா என்று பார்த்து, வைத்த நேரம் வரை காத்திருந்து, பிறகு ஒரு விரல் அமுக்கி எடுப்பது போலச் சில நொடி மட்டும் இணைப்புக் கொடுத்து விலகிக்கொள்ளும். விலகிக்கொள்வதில்தான் அதற்கும் குச்சிக்கும் வித்தியாசம். பிடித்து வைக்கும் வேலை காயிலிடமே இருக்கிறது. சிவப்பும் ரிலேயும் தங்கள் வேலையைச் செய்ய முடிகிறது. ஒரே டிரான்ஸ்பார்மரில் உள்ளவர்கள் பேசிக்கொண்டு, ஆளுக்கு ஒரு நிமிட வித்தியாசத்தில் காத்திருப்பு நேரத்தை வைத்துக்கொண்டால் எல்லா மோட்டாரும் சுகமாகக் கிளம்பும்.

கைபேசியில் அழைத்து மோட்டாரை ஓட்டும் கருவியும் இதே தத்துவம்தான். புனேயைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்த்வால் என்ற பொறியாளர் ‘நானோ கணேஷ்’ என்ற பெயரில் இத்தகைய கருவியை உருவாக்கினார். இப்போது பல தயாரிப்புகள் வந்துவிட்டன. தமிழக வேளாண்மைப் பொறியியல் துறையும் கைபேசியால் இயங்கும் பம்பு செட் கட்டுப்படுத்தும் கருவிக்கு மானியம் கொடுத்திருக்கிறது. இந்த ஆண்டு உண்டா என்பதைப் புதுக்கோட்டையிலோ அறந்தாங்கியிலோ உள்ள அத்துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளலாம். வாங்கும்போது, ஒரு பேஸ் போனால் நிறுத்தும் வசதியும், தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்தும் வசதியும் சேர்ந்தே இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். மாவட்டத்தின் ஆழக் கிணறுகளுக்கு இரண்டாவது வசதி மிக அவசியம். ஆட்டோ கருவி மாட்டிய கொட்டகையில், ‘மோட்டார் தானாக ஓடும்’ என்று தமிழில் பெரிதாக எழுதி வைப்பதும், பெல்ட்டிலோ பம்பிலோ கை வைக்கும் முன் மெயின் ஸ்விட்சை இறக்கிப் பியூஸ் கட்டைகளைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்வதும் கட்டாயம்.

வீட்டுத் தொட்டிக்கு ஓடும் ஒரு முனை ஒன்றரைக் குதிரைசக்தி சப்மெர்சிபிள்களின் பெட்டியில் பச்சைப் பட்டனுக்குக் கூடுதல் வேலை உண்டு. அமுக்கியிருக்கும் இரண்டு மூன்று நொடி மட்டும் ஒரு ஸ்டார்ட்டிங் கண்டென்சரை மோட்டாரோடு சேர்த்துவிடும். அங்கே பட்டன் சிக்கிக்கொண்டால் கண்டென்சர் வெடிக்கும், மோட்டாரும் கருகும். இதில் குச்சிக்கு இடமே இல்லை.

சத்தத்தை வைத்துக் குறை அறிதல்

‘அண்ணே, அமுக்கிக்கிட்டே இருந்தா ஓடுது, கையை எடுத்தா நின்னுருது’ என்று ஒயர்மேனிடம் சொல்லப்படும் புகார்தான் மிகச் சாதாரணமானது. பட்டனும் காயிலும் நன்றாக இருக்கின்றன. பிடிமானக் காண்டாக்ட் தேய்ந்திருக்கிறது, அல்லது அதற்குப் போகும் ஒயர் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். குச்சி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இந்தப் பழுதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. ஒரு சிறு காண்டாக்ட்டை மாற்றினால் தீர்ந்துவிடும் குறை இது.

அமுக்கினால் ‘ர்ர்ர்’ என்று உறுமிக்கொண்டே நின்றால், வோல்ட்டேஜ் குறைவு, அல்லது காந்த இரும்பின் முகத்தில் தூசோ துருவோ சேர்ந்து இரண்டு முகமும் சரியாகப் படியவில்லை. மெயினை இறக்கிய பிறகு உலர்ந்த துணியால் துடைக்கலாம். கிரீஸ் தடவக் கூடாது. பிசுபிசுப்பில் இரும்பு ஒட்டிக்கொண்டு, நிறுத்தும்போது விடாது.

வெளியே பச்சையை அமுக்கினால் ஒன்றும் இல்லை, மூடியைத் திறந்து உள்ளே அமுக்கினால் ஓடுகிறது என்றால், மூடி கோணியிருக்கிறது. பல பெட்டிகளில் வெளிப்பட்டன் வெறும் தண்டுதான். உண்மையான காண்டாக்ட் உள்ளே தனியாக இருக்கும். மூடியின் நான்கு திருகில் இரண்டு தொலைந்துபோனால் தண்டு குறி தவறும். திருகு போட்டால் சரியாகிவிடும். அதை விட்டு, மூடியைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் இரும்பையே கட்டையால் அமுக்குவது நடக்கிறது. அப்படி அமுக்கினால் ரிலே வெட்டினாலும் மோட்டார் நிற்காது. காண்டாக்ட்டில் பறக்கும் நெருப்பும் நேரே முகத்துக்கு வரும்.

எல்லாவற்றிலும் மோசமானது, சிவப்பை அமுக்கியும் நிற்காமல் ஓடுவது. காண்டாக்ட் ஒட்டிவிட்டது. உடனே மெயினை இறக்க வேண்டும். சரிசெய்யாமல் மறுபடி ஏற்றக் கூடாது.

எறும்பு, பல்லி, குளவி

ஸ்டார்ட்டர் பெட்டி கதகதப்பாக இருப்பதால் எறும்புக்கு அது நல்ல வீடு. காண்டாக்ட்டுகளுக்கு இடையில் நசுங்கிய எறும்புகளே இணைப்பைத் தடுக்கும் அளவுக்குச் சேர்ந்துவிடும். பல்லி இரண்டு பேஸைத் தொட்டால் பெட்டியே வெடிப்பது போல் பொறியும். குளவி மண்கூடு கட்டிப் பட்டன் தண்டைச் சிக்க வைத்துவிடும். குச்சி இல்லாமலேயே பச்சை அமுங்கி நிற்கும் கொட்டகைகள் இப்படி. ஒயர் நுழையும் ஓட்டைகளை ரப்பர் வளையம் போட்டு அடைத்துவிட்டால் மூன்றுக்கும் சேர்த்து வழி அடைபடும். பட்டன் தலையின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் மாற்றுவதற்கு அதிகச் செலவில்லை.

காண்டாக்ட் கறுத்துவிட்டது என்று உப்புத்தாளால் தேய்ப்பதும் அரத்தால் ராவுவதும் பழைய பழக்கம். வெள்ளிப் பொட்டு கறுத்தாலும் கரண்டைக் கடத்தும். தேய்க்கத் தேய்க்க வெள்ளிதான் போகிறது. குழி விழுந்து உருகியிருந்தால் மூன்று பேஸுக்கும் ஒன்றாகச் செட்டாக மாற்றுவதே சரி.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயலில் இந்த மாவட்டத்தில் மின்கம்பங்களும் தென்னைகளும் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்டு இல்லை. கூரை பறந்த கொட்டகைகளில் ஸ்டார்ட்டர்கள் மழையில் ஊறிக் கிடந்தன. அப்படி நனைந்த பெட்டியைக் கரண்டு வந்த மகிழ்ச்சியில் உடனே அமுக்கக் கூடாது. மெயினை இறக்கி, மூடியைத் திறந்து, ஓரிரு நாள் நல்ல வெயிலில் உலர்த்தி, ஒயர்மேனைக் கொண்டு இன்சுலேஷன் பார்த்த பிறகே ஏற்ற வேண்டும்.

பட்டன் சின்னது, அதில் ஓடும் கரண்டும் கொஞ்சம் என்பதால் அதன் ஒயரை அலட்சியமாகத் தொடுகிறவர்கள் உண்டு. ஆம்பியர் கொஞ்சம்தான், வோல்ட் முழு வோல்ட். பேஸுக்கும் பூமிக்கும் இடையே 240 வோல்ட் அந்தச் சிறு பட்டனிலும் இருக்கிறது. தலை உடைந்த பட்டனை ஈரக் கையால் அமுக்குவது லயன் கம்பியைத் தொடுவதற்குச் சமம். உடைந்த தலையின் இடத்தில் ஆணியையோ ஸ்குரூடிரைவரையோ விட்டு அமுக்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரும்புப் பெட்டிக்கு எர்த் கம்பி கட்டாயம் இருக்க வேண்டும். எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். கசிவு மின்சாரத்தைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் மெயினுக்கு அடுத்து இருந்தால் இன்னும் நல்லது. பெட்டிக்கு நேர் கீழே தரையில் ஒரு உலர்ந்த பலகை போட்டு, அதன்மேல் நின்று, கையைத் துடைத்துக்கொண்டு அமுக்க வேண்டும்.

தங்கள் ஸ்டார்ட்டர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஆட்டோ கருவி இருந்தால் முதலில் அதை நிறுத்திவிட வேண்டும். பச்சையை அமுக்கி மோட்டாரை ஓட விட்டு, சிவப்பை அமுக்காமல் மெயின் ஸ்விட்சை இறக்க வேண்டும். இரண்டு நிமிடம் பொறுத்து மெயினை ஏற்ற வேண்டும். மோட்டார் பேசாமல் இருந்தால் பட்டனும் காயிலும் ஒழுங்கு. தானாகக் கிளம்பினால், குச்சி இல்லாவிட்டாலும் பச்சைப் பட்டனோ காண்டாக்ட்டோ எங்கோ சிக்கியிருக்கிறது. மெயினை மறுபடி இறக்கிவிட்டு ஒயர்மேனை அழைக்க வேண்டும்.